எறும்பு வராத கோலம்

பெர்மாகல்ச்சர் சம்பந்தமாக என்னிடம் பதினோரு புத்தகங்கள், நான்கு நோட்டுகள், ஒரு சான்றிதழ், ஏழு வாட்ஸ்அப் குழுக்கள் இருந்தன. மஞ்சள் பூத்துப்போன ஒரு கறிவேப்பிலை மரமும் இருந்தது.

செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் தரைத்தளத்தில் முப்பத்தோரு வருஷமாக இருக்கிறோம். இருந்தோம் என்று எழுத வேண்டும். என் மனைவி ஷ்யாமளா போன ஆடியில் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை காலை குக்கர் மூன்றாவது விசில் அடித்தது, நாலாவதும் அடித்தது, அணைக்க யாரும் வரவில்லை. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், எழுதியும் கொடுத்தார். அந்தக் காகிதம் பீரோவில் இருக்கிறது.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எல்லோருக்கும் கவலை. நான் அழவில்லை. வேளைக்குச் சாப்பிட்டேன், வேளைக்குத் தூங்கினேன், வந்தவர்களுக்கு நானே காப்பி போட்டுக் கொடுத்தேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் கன்னம் இருக்கும், நம்முடையதாக இருக்காது. ஒரு வருஷம் அப்படிப் போயிற்று. முலுண்டில் இருக்கும் என் பெண் ஷ்ருதி வாரத்துக்கு இரண்டு நாள் வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அப்பா, மனசு விட்டு ஏதாவது பேசுங்கோ. கத்தவாவது கத்துங்கோ."

"எதுக்குக் கத்தணும்? நன்னாத்தானே இருக்கேன்."

"நன்னா இல்லை. அம்மாவோட வருஷாப்திகம் ஆனதும் நீங்க என்னோட வந்துடறேள், அவ்வளவுதான். பதினாலாவது மாடி, நல்ல காத்து. இந்த ஃப்ளாட்டை அப்புறம் பாத்துக்கலாம்."

சரி என்றேன். மாட்டேன் என்று சொல்லக் காரணம் வேண்டும், தெம்பு வேண்டும். சரி என்பதற்கு இரண்டும் வேண்டாம்.

பெர்மாகல்ச்சரில் நான் இறங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தாறு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஃபைல் பார்த்துவிட்டு ரிட்டயர் ஆனேன். வாசலுக்கு முன்னால் பத்தடிக்கு நாலடி மண் இருந்தது. சொசைட்டிக்காரர்கள் தொட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் கறிவேப்பிலைக் கன்றே நட்டுவிட்டேன். நட்ட பிறகு படிக்க ஆரம்பித்தேன். ஆபீஸ் புத்தி அல்லவா, எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொள்வது பிடிக்காது. முதலில் வீடியோ, பிறகு புத்தகம். அப்புறம் கர்ஜத் பக்கம் ஒரு பண்ணையில் இரண்டு நாள் தங்கி, சேற்றில் கால் வைத்து, முதுகு பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். பிறகு எழுபத்திரண்டு மணி நேர ஆன்லைன் கோர்ஸ். இயற்கையை நாம் ஆட்டி வைக்கக் கூடாது, அது தானாக எப்படி நடக்கிறதோ அதற்குத் தோதாக நாம் ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் மொத்தப் பாடமும். இந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள எனக்கு எழுபத்திரண்டு மணி நேரம் ஆயிற்று என்று ஷ்யாமளா கேலி செய்வாள்.

கோர்ஸில் கொடுத்த முதல் வேலை ரொம்பச் சுலபமானது. ஒரே இடத்தில் தினமும் கால் மணி நேரம் உட்கார வேண்டும். கண்ணில் பட்டதை, காதில் விழுந்ததை எழுத வேண்டும். ஒரு வருஷத்துக்கு எதையும் மாற்றக் கூடாது. மாற்றாமல் பார்ப்பதைப் போன்ற படிப்பு வேறு இல்லை என்றார் வகுப்பு எடுத்தவர். நான் நாற்பது நாள் பார்த்தேன். நாற்பத்தோராவது நாள் உளியை எடுத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். ஷ்யாமளா தினமும் காலையில் வாசல் படியைக் கழுவுவாள். ஒரு பக்கெட் தண்ணீர் வீணாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் சிமென்டைக் கொத்தி, விரல் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் போட்டு, அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலையின் காலடிக்குத் திருப்பினேன். அதைப் போட்டோ எடுத்து குழுவில் போட்டேன். நாற்பத்தேழு பேர் கை தட்டினார்கள்.

இரண்டு வருஷம் மரம் கறுத்த பச்சையாக வளர்ந்தது. மூன்றாம் வருஷத்தில் துளிர் மஞ்சளாக வர ஆரம்பித்தது. நரம்பு மட்டும் பச்சை, மற்ற இடமெல்லாம் வெளிறல். அது இரும்புச் சத்துக் குறைபாடு என்று புத்தகத்தில் படம் போட்டே இருக்கிறது. மண்ணைச் சோதித்தேன்; சுண்ணாம்புத் தன்மை தூக்கலாக இருந்தது. அது கூடினால் வேர் இரும்பை இழுக்காது. கட்டடம் கட்டின காலத்தில் கொட்டின சிமென்ட், செங்கல் எல்லாம் அடியில் கிடக்கும் என்று முடிவு கட்டினேன். புளித்த மோர் ஊற்றினேன். துருப்பிடித்த ஆணிகளைப் புதைத்தேன். புளித்தண்ணீர், காப்பிச் சக்கை எல்லாம் போட்டேன். மழைக்காலத்தில் கொஞ்சம் தேறும், தீபாவளி தாண்டினால் பழையபடி மஞ்சள். இப்படி மூன்று வருஷம். ஷ்யாமளா அந்த மரத்தில் இலை பறிப்பதையே விட்டுவிட்டாள். ஸ்டேஷன் மார்க்கெட்டில் வாங்கி வருவாள். வாசலில் மரத்தை வைத்துக்கொண்டு மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்குகிற வீடு செம்பூரிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அவள் போன பிறகு நான் எதுவும் செய்யவில்லை. மோர் இல்லை, ஆணி இல்லை. காலையில் காப்பியை எடுத்துக்கொண்டு மரத்துக்கு எதிரே நாற்காலியில் உட்கார்வேன். காப்பி ஆறும். உள்ளே போவேன்.

வருஷாப்திகத்துக்குப் பத்து நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நுஸ்ரத் வந்தாள். அந்த ஆன்லைன் கோர்ஸில் என்னோடு படித்தவள். தாராவி நைன்டி ஃபீட் ரோடு பக்கம், கணவருடைய தோல் பட்டறையின் மேல்தளத்தில் பெயின்ட் டப்பாக்களில் கத்தரியும் கீரையும் போடுகிறவள். வகுப்பில் ஒருவர் ஐந்து ஏக்கருக்கு நீர்த்தேக்கம் அமைப்பதைப் பற்றி அரைமணி பேசினபோது, "எங்கிட்ட இருக்கது பன்னெண்டுக்குப் பத்து, மேல தகரம், எனக்கு எதாச்சும் சொல்லுங்க" என்று கேட்டவள். நான் முலுண்டுக்குப் போவதால் என் புத்தகம், நோட்டு, மண்வெட்டி எல்லாவற்றையும் அவளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். மரத்தின் அடியில் முளைத்திருக்கும் பக்கக் கன்றுகளையும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

அவள் உள்ளே வரவில்லை. மரத்தடியிலேயே நின்றுவிட்டாள்.

"சார், இது அந்த மரந்தானா?"

"ஏன்?"

"நீங்க குரூப்புல போட்ட போட்டாவுல மஞ்சக் காமாலை வந்த மாதிரி இருந்துச்சே. இப்ப பச்சையாக் கெடக்கு."

நான் பார்த்தேன். பச்சையாக இருந்தது. துளிரிலிருந்து அடி இலை வரைக்கும் கறுத்த, எண்ணெய் தடவின பச்சை. ஒரு வருஷமாக நான் தினமும் அதன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியவில்லை. அதற்காக வெட்கப்படக்கூட அப்போது வரவில்லை.

"என்ன செஞ்சிய சார்?"

"ஒண்ணும் போடலை. மோர், ஆணி எல்லாத்தையும் நிறுத்திட்டேன்."

"அதை நிறுத்துனா மஞ்சளு கூடத்தான செய்யும்." அவள் பையைக் கீழே வைத்தாள். "நான் கேக்கது என்னன்னா, வேற என்னத்த நிறுத்துனிய? இந்த வீட்டுல போன வருசம் இருந்து இந்த வருசம் இல்லாதது எது?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மன்னிச்சுக்கோங்க சார்" என்றாள்.

"பரவாயில்லை" என்றேன். உண்மையாகவே பரவாயில்லாமல்தான் இருந்தது.

அவள் குனிந்து கன்றுகளைப் பார்க்கப் போனவள், என் வாய்க்காலின் ஓரத்தில் படிந்திருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டினாள். அது காரை மாதிரிக் கெட்டியாக ஒட்டியிருந்தது.

"இது என்ன?"

"கோலம். தினமும் படி கழுவற தண்ணி இது வழியாத்தான் போகும். இப்போ ஒரு வருஷமாக் கோலம் கிடையாது." பதிமூன்று நாள் கழிந்ததும் போட ஆரம்பித்துவிடும் வீடுகளும் உண்டு. எங்கள் வீட்டு வழக்கத்தில் வருஷாப்திகம் முடியும் வரை வாசலில் கோலம் கிடையாது. போடலாம் என்று இருந்தாலும் போட யார் இருக்கிறார்கள்?

"அரிசி மாவா சார்?"

"இல்லை, பொடி."

டப்பாவைக் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்தேன். எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று கேட்டாள். ஃப்ரிட்ஜில் ஒன்று இருந்தது. படியில் ஒரு சிட்டிகைப் பொடியை வைத்து, மேலே நாலு சொட்டுப் பிழிந்தாள். பொடி பொசுபொசுவென்று நுரைத்தது.

"மார்பிள் பொடி சார். சுண்ணாம்புதான். அக்கா தெனமும் போடுவாவளா?"

"தினமும். மழை நாளில் மட்டும் உள்பக்கம் போடுவாள்."

அதனால்தான் மழைக்காலத்தில் தேறியிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பிடி. மூன்று வருஷம். அடியில் சிமென்டும் இல்லை, செங்கலும் இல்லை. தினமும் ஒரு பிடி சுண்ணாம்பை நானே வெட்டின வாய்க்கால் வழியாக அதன் வேருக்கு ஊட்டியிருக்கிறோம்.

உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால், எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. மூன்று வருஷம் தேடின விடை கிடைத்துவிட்டது. "பாவம், அவளுக்கு என்ன தெரியும்" என்று நுஸ்ரத்திடம் சொன்னேன். சொன்னபோது லேசாகச் சிரித்ததாகக்கூட ஞாபகம்.

நுஸ்ரத் சிரிக்கவில்லை. மஞ்சள் எந்த மாதத்தில் ஆரம்பித்தது, பொடி எப்போதிலிருந்து என்று கேட்டாள். எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாம் நோட்டில் இருக்கும் என்றேன். படியில் உட்கார்ந்து இரண்டாவது நோட்டைப் புரட்டினாள். அவள் தாராவியில் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், என் கையெழுத்தைத் தடங்கலில்லாமல் படித்தாள். ஒரு பக்கத்தில் நிறுத்தி, இரண்டு தரம் படித்து, நோட்டை மூடி என்னிடம் நீட்டினாள்.

"சார், இது உங்ககிட்டயே இருக்கட்டும். நாலு நோட்டும் இருக்கட்டும். நான் புஸ்தகத்தை மட்டும் எடுத்துட்டுப் போறேன். கன்னு மழை விட்டு எடுத்துக்கலாம்."

காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

மே 14. கறிவேப்பிலைத் தண்டில் மாவுப்பூச்சி. கொண்டுவந்து விடுவது எறும்பு. எறும்பு வருவது வாசல் கோலத்துக்கு. அரிசி மாவுதான் காரணம். மாட்டுங்கா மார்க்கெட் பிளாட்பாரத்தில் கல்பொடி இரண்டு கிலோ வாங்கியாயிற்று. ஷ்யா. ஒத்துக்கொண்டாள்.

மே 29. எறும்பு இல்லை. வெற்றி.

நான்தான். பொடியைத் தேடிப் போய் வாங்கினது நான். தீர்ந்தபோதெல்லாம் மறுபடி வாங்கி வந்ததும் நான். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அரிசி மாவில்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அதுகூட மறந்து போயிருந்தது எனக்கு. ஒத்துக்கொண்டாள் என்று எழுதியிருக்கிறேன். எப்படி ஒத்துக்கொண்டாள் என்பது இப்போது ஞாபகம் வந்தது. டப்பாவைத் திறந்து, பொடியை விரலால் தேய்த்துப் பார்த்து, "எறும்பு திங்கறதுக்குப் போடறதாக்கும் கோலம். அது வந்தா வந்துட்டுப் போறது" என்றாள். நான் எறும்புக்கும் மாவுப்பூச்சிக்கும் உள்ள உறவைப் பற்றிக் கால் மணி நேரம் விளக்கினேன். அவள் சரி என்றாள்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அது முழுசாக வர இரண்டு நாள் ஆயிற்று. நான் மரத்தடியில் ஆணி புதைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஈரக் கையோடு படியில் வந்து நின்றாள். ஒரு மஞ்சள் இலையைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள்:

"கேட்டேளா, இந்தக் கல்லுப்பொடி வந்ததுலேர்ந்துதான் இது இப்படி ஆயிருக்கு."

நான் நிமிரக்கூட இல்லை. "நீ எந்தக் கோர்ஸ்ல சேர்ந்தே?" என்றேன்.

அவள் சிரித்தாள். குக்கரைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலை அதே பொடியில் கோலம் போட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை.

அது எந்த மாதம், எந்த வருஷம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. நான்கு நோட்டையும் வரி வரியாகப் படித்தேன். மூன்று நாள் படித்தேன். புல்புல் வந்த நேரம் இருக்கிறது. மண்புழு எண்ணிக்கை இருக்கிறது. மேல் வீட்டுக்காரர் துணி காயப்போடுவதால் விழும் நிழலின் அளவு இருக்கிறது. ஷ்யாமளா தினமும் அந்தப் படியில் இருந்திருக்கிறாள், தினமும் ஏதாவது பேசியிருக்கிறாள். நான்கு நோட்டிலும் அவள் பெயர் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அதுவும் பாதிப் பெயர்.

மாட்டுங்காவில் புரோகிதம் செய்கிற வாத்தியார் ஏற்பாடு செய்த இடத்தில் வருஷாப்திகம் நடந்தது. சொன்னதைச் சொன்னேன், கொடுத்த இடத்தில் எள்ளும் தண்ணீரும் விட்டேன். எல்லாம் முறையாக நடந்தது என்று எல்லோரும் திருப்தியாகப் போனார்கள். ஷ்ருதி அன்று என்னோடு செம்பூரிலேயே தங்கினாள். மறுநாள் என் பெட்டியோடு முலுண்டுக்குப் புறப்படுவதாகத் திட்டம்.

காலையில் நான் எழுந்து வந்தபோது அவள் படியைக் கழுவி முடித்திருந்தாள். தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. கையில் டப்பா இருந்தது.

"இன்னிக்குக் கோலம் போடலாம் இல்லியா அப்பா? கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை. அம்மாவோட பொடியே இருக்கு."

"அது வேண்டாம்."

"ஏன்? அம்மா டப்பாதானே."

"டப்பா அம்மாவோடது. பொடி என்னோடது."

அவளுக்குப் புரியவில்லை. நான் உள்ளே போய் இரண்டாவது நோட்டை எடுத்து வந்தேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதனால் நானே படித்துக் காட்டினேன். மே 14-ஐயும் மே 29-ஐயும் படித்தேன். எலுமிச்சம்பழத்தைச் சொன்னேன். பச்சையாகிவிட்ட மரத்தைக் காட்டினேன். ஒரு ஆபீஸ் ரிப்போர்ட்டைப் படிக்கிற குரலில்தான் எல்லாம் சொன்னேன்.

ஷ்ருதி என் தோளில் கை வைத்தாள். "இட்ஸ் ஓகே அப்பா. உங்களுக்குத் தெரியாது. யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

"அவளுக்குத் தெரிஞ்சிருந்தது."

"என்னது?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தது. எங்கிட்ட சொன்னா. நான் எழுதிக்கலை."

எழுதிக்கலை என்று சொல்லும்போது குரல் கிழிந்தது. உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் நடந்ததை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அறுபத்துநாலு வயது மனிதன் வாசல் படியில், ஈரத்தில், சொசைட்டியில் நாலு பேர் பார்க்க அழுதேன். ஒரு வருஷத்துக்கும் சேர்த்து அழுதேன். மரம் மஞ்சளாகவே இருந்து, அவள் அந்தப் பொடியால் தினமும் கோலம் போட்டுக்கொண்டிருந்தால் எனக்குப் போதும் என்று சொன்னேன். ஷ்ருதி என்னை நிறுத்தச் சொல்லவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து அவளும் அழுதாள்.

பிறகு அவள் முகம் கழுவிக்கொண்டு, சமையலறையிலிருந்து அரிசி மாவைக் கிண்ணத்தில் எடுத்து வந்தாள். ஐந்து புள்ளிக் கோலம். ஆபீஸ் போகிற பெண், பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒரு பக்கம் கோணிக்கொண்டது. அழிக்கப் போனவளை வேண்டாம் என்றேன்.

எட்டு மணிக்கு எறும்பு வந்தது. முதலில் ஒன்று, அப்புறம் வரிசையாக. மரத்துக்கும் போகும், மாவுப்பூச்சியையும் கொண்டுவரும். வந்தால் தண்டைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துக்கொள்ளலாம். அது ஐந்து நிமிஷ வேலை. அன்றைக்கே அதைச் செய்திருக்கலாம்.

பெட்டி ஹாலில் இருந்தது. ஷ்ருதி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் இங்கே இருக்கேனே" என்றேன். "முதல் பாடத்தையே நான் முடிக்கலை. ஒரு வருஷம் உக்காந்து பாக்கணும்."

அவள் சரி என்றாள். சாயந்தரம் வருவதாகச் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து நாலாவது நோட்டில் புதிய பக்கம் திருப்பினேன். அன்றைய தேதி போட்டு, எறும்பு வந்தது என்று எழுதினேன். அதற்குக் கீழே, "ஷ்யாமளா சொன்னாள்: கல்லுப்பொடி வந்ததிலிருந்துதான் மரம் இப்படி ஆயிற்று" என்று பெயரை முழுசாக எழுதினேன். அவள் சொன்ன தேதியைப் போட ஓரத்தில் இடம் விட்டேன். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அந்த மூன்று வருஷத்தில் அது எந்த நாளாகவும் இருக்கலாம். அந்த வருஷங்களின் எல்லாப் பக்கத்திலும், எறும்பு இல்லை என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன்.